நீதி ஆசனத்திற்கு உரியவர் யார்?

அப்புக்காத்து என்றும் பிறக்கிராசி என்றும் இரு வகைச் சட்டவாணர் இலங்கையில் இருந்தனர். 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் அவ்வேற்றுமையை ஒழித்து, 1974 சனவரி முதல் எல்லோரையும் சட்டத்தரணிகள் ஆக்கிற்று. நம்மை ஆண்ட இங்கிலாந்தோ பாரிஸ்டர், சொலிசிற்றர் என்ற பிரிவினையை இன்றுவரை கைவிடவில்லை.

அங்கே உயர் நீதி ஆசனங்கள் நெடுங்காலம் பாரிஸ்டர்களின் முதுசொம்மாகவே இருந்தன. 1971ஆம் ஆண்டுச் சட்டம் சொலிசிற்றர்களுக்கு இடைப்படிகளில் இடமளித்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் மேல் நீதிமன்றத்தையும் திறந்தது. 1993இல் முதலாவது சொலிசிற்றர் அங்கே நீதிபதியானார். 2007இல் இயற்றப்பட்ட சட்டம் இன்னும் ஓரடி எடுத்துவைத்தது. சட்ட அலுவலகங்களிற் சம்பளத்திற்கு உழைத்தவாறே படித்துத் தேறும் லீகல் எக்ஸிகியூட்டிவ்களுக்கும் கீழ்மட்ட நீதிப் பதவிகள் சிலவற்றுக்கு அது வழிகோலியது. அவர்களுள் முதல்வர் 2010இல் நீதிபதியானார்.

இதனால் தரம் தாழ்ந்துவிடும் என்பாரும் உளர். எந்தத் தரம்? வாதாடுபவர் ஒரு பக்கத்தைப் பற்றி நிற்பவர்; நீதிபதியோ இரு பக்கமும் கேட்டுப் பொறுத்திருக்க வேண்டியவர். முன்னதிற் சிறந்தவர் பின்னதிலும் சிறப்பார் என்பதற்கு உறுதி ஏது? வாடகை கட்டவியலாத ஒருத்தி எதனை மறைக்கிறாள், ஏன் மறைக்கிறாள் என்பதை அலுவலக மேசையின் மறுபுறமிருந்து இருபது ஆண்டு கேட்டறிந்தவரின் அனுபவம் நாவன்மைக்கு எவ்வகையிற் குறைந்தது?

ஆதரிப்போரின் வாதமும் எமக்கு நிறைவளிக்கவில்லை. அவர்கள் இதனைச் சட்டவாணரின் பதவியுயர்வுப் பிரச்சினையாகவே பேசுகின்றனர். தீர்ப்புக்கு உள்ளாகிறவனின் உரிமை அல்லவா இங்கு முதலாவது? பிரித்தானிய மக்களுள் ஏறத்தாழ 7 சதவீதத்தினரே கட்டணத் தனியார் பள்ளிகளிற் கற்றவர்கள். உயர் நீதிபதிகளுள் அத்தகையோர் 65 சதவீதத்தினர் என 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. ஒரே வகைப் பள்ளியிலிருந்து வந்தவர் நேர்மையற்றவர் என்று நாம் சொல்லவில்லை. எது இயல்பான நடத்தை, எது ஐயத்திற்குரியது என்பதில் அவர்கள் அனைவரும் ஒரே இடத்திலே தடுமாறக்கூடும் என்பதே நமது அச்சம்.

சட்டம் திறந்த கதவைக் கூலிமுறை சாத்திவிடுவதையும் காண வேண்டும். நிரந்தர நீதிபதியாக விரும்புபவர் முதலிற் பகுதிநேர நீதிபதியாகப் பழகுவது அங்குள்ள வழக்கம். பாரிஸ்டர் தன் தொழிலுக்குத் தானே எசமானர். சில வாரங்களை ஒதுக்கிக்கொள்வார். சொலிசிற்றர் நிறுவனத்துக்கோ ஒருவர் மன்றில் அமரும் ஒவ்வொரு நாளும் வருமான இழப்பு. லீகல் எக்ஸிகியூட்டிவ் பெரும்பாலும் சம்பள ஊழியர். முதலாளியின் இசைவின்றி அவருக்கு அந்தப் பயிற்சியே இல்லை. சம்பளமின்றிச் சேவை செய்யும் சமாதான நீதவான்களுக்கு நியாயமான விடுப்பளிக்க 1996ஆம் ஆண்டின் வேலை உரிமைச் சட்டம் முதலாளிகளைக் கட்டாயப்படுத்துகிறது. அவ்வுரிமை பகுதிநேர நீதிபதியாக அமரும் சட்ட ஊழியர் அனைவருக்கும் ஐயத்திற்கிடமின்றி எழுதப்படவேண்டும். அவர் இழக்கும் சம்பளத்தை அரசு ஈடுசெய்யவும் வேண்டும்.