ஒரு போனின் ஆயுள்

சாம்சங் கேலக்ஸி எஸ்2 சந்தைக்கு வந்த ஆண்டு 2011. ஆண்ட்ராய்டு 2.3-இல் வந்த அந்தப் போனை 4.1 வரை கொண்டுவந்து நிறுத்திக்கொண்டது நிறுவனம். ஆனால் அதே போனில், அதே 1 ஜிபி ராமில், ஆண்ட்ராய்டு 7.1 ஓடியது. ஓட வைத்தவர்கள் அந்த நிறுவனத்தில் சம்பளம் வாங்காதவர்கள்.

அதை ஏற்றும் வழி இது: போனை அணைத்துவிட்டு, சத்தம் குறைக்கும் பட்டன், ஹோம், பவர் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் ஓர் எச்சரிக்கை வரும். வேறு மென்பொருள் ஏற்றினால் பெரிய கோளாறு வரலாம், தொடரவா என்று கேட்கும். சத்தம் கூட்டும் பட்டனை அழுத்தினால் சம்மதம். பிறகு கணினியிலிருந்து கேபிள் வழியாக ரெக்கவரி என்ற நிறுவல் கருவியை ஏற்றி, பழையதைத் துடைத்து, கஸ்டம் ரோம் எனப்படும் மாற்று ஆண்ட்ராய்டை நிறுவ வேண்டும். அதன்பின் போனை ஆன் செய்யும்போதெல்லாம் திரையில் வரும் போனின் பெயருக்குக் கீழே ஒரு மஞ்சள் முக்கோணம் தெரியும். காசு கொடுத்து வாங்கிய பொருளில் நாமே கை வைத்ததற்கு அப்படியொரு முத்திரை!

போனின் சிப்பும் திரையும் அப்படியேதான் இருக்கின்றன. பிறகு எது பழசானது? புது ஆண்ட்ராய்டு வருவது நிற்கிறது, பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கின்றன, செயலிகள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே வாட்ஸ்அப்கூட இப்போது ஓடாது. தேய்ந்துபோவதற்கு வெகு முன்பே கவனிக்க ஆளில்லாமல் போகிறது பொருள். அதைத்தான் நாம் முதுமை என்று நம்பிக் குப்பையில் போடுகிறோம்.

ஸ்டீவ் கோண்டிக் 2009-இல் தொடங்கிய சயனோஜென்மாட் என்ற கஸ்டம் ரோம் பின்னாளில் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2016 முடிவில் அந்த நிறுவனம் சேவையை நிறுத்தியது. நிரல் திறந்த மூலமாக இருந்ததால் தன்னார்வலர்கள் அதை எடுத்து லீனியேஜ் ஓஎஸ் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். அங்கே ஒவ்வொரு மாடலையும் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். பெரும்பாலும் அந்த மாடலைத் தானே கையில் வைத்திருப்பவர். வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து, ஏன் கேமரா திறக்கவில்லை, ஏன் புளூடூத் அறுந்துபோகிறது என்று தேடுபவர். அவர் விலகி, வேறு யாரும் முன்வராவிட்டால் அந்த மாடல் பட்டியலிலிருந்து போய்விடும். எஸ்2-வும் அந்தப் பட்டியலில் இப்போது இல்லை. பொருளின் ஆயுள் பொருளுக்குள் இல்லை என்பதை எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியது வேறொன்றுமில்லை. பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கும் வரைதான் அது.

அந்த ஒருவராலும் முடியாதவை உண்டு. மோடம், கேமரா போன்றவற்றின் மூடிய நிரல்களை அவற்றைத் தயாரித்தவரால்தான் திருத்த முடியும். சில வங்கிச் செயலிகள் இப்படி மாற்றிய போனில் திறக்க மறுக்கும். இதில் சட்டத்துக்கும் வேலை இருக்கிறது. விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு மென்பொருள் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நமக்கும் அது வேண்டும்.

அடுத்த போன் வாங்கும்போது மெகாபிக்சலைக் கேட்கும் அதே வாயால் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்: எத்தனை ஆண்டு அப்டேட் தருவீர்கள்? மாற்று மென்பொருள் ஏற்ற பூட்லோடரைத் திறக்க விடுவீர்களா?