யாருடைய தியாகம்?

நோயாளிக்குச் செய்யும் பணிவிடையைப் போற்றாத மதம் அரிது. அந்தப் போற்றுதலின் பேரில்தான் செவிலியரிடமும் பயிற்சி மருத்துவரிடமும் அவர்களுடைய தூக்கத்தையும் உடம்பையும் கேட்டு வாங்குகிறோம். தன்னை வருத்திக்கொள்வது அவர்கள் தொழிலின் பெருமை என்கிறோம். ஆனால் ஒருவர் தன்னுடையதைக் கொடுத்தால்தான் அது தியாகம். களைத்துப்போன செவிலியர் கொடுப்பது தன்னுடையதை மட்டும்தானா?

இல்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்க்கன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட முடிவு இது: ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், அறுவை சிகிச்சை பெற்றவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது, செவிலியர் மனம் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. 24 மணி நேரமும் அதற்கு மேலும் நீளும் டியூட்டி பார்த்தபோது பயிற்சி மருத்துவர்கள் செய்த கடுமையான தவறுகள், அத்தகைய டியூட்டியை நீக்கியபோது செய்தவற்றைவிட ஏறத்தாழ 36 சதவீதம் அதிகம். நீண்ட டியூட்டியில் அவர்கள் தங்களையே ஊசியால் குத்திக்கொள்வதும் கூடுவதாக 2006-இல் இன்னோர் ஆய்வு காட்டியது. விடிகாலையில் ரத்தம் எடுத்த ஊசியை டப்பாவில் போடும் நொடியில் செவிலியரின் கை தடுமாறினால் அது அவர் விரலில் ஏறும். அடுத்த படுக்கையில் மருந்தளவின் தசமப் புள்ளியைக் கண் தவறவிட்டால் பத்து மடங்கு மருந்து நோயாளியின் உடம்பில் ஏறும். கை ஒன்றுதான், களைப்பும் ஒன்றுதான். நோயாளியின் பங்கையும் சேர்த்துத்தான் அந்தச் செவிலியர் கொடுக்கிறார். அந்த நோயாளியிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

தவறு செய்தவர்தானே பொறுப்பு என்பார்கள். குடிபோதையில் குற்றம் செய்தவனுக்கு இரட்டைத் தண்டனை விதித்த கிரேக்கச் சட்டத்தை அரிஸ்டாட்டில் எடுத்துக்காட்டுகிறார். போதையில் அறியாமல் செய்தாலும், குடிக்காமல் இருப்பது அவன் கையில் இருந்தது என்பது அவர் நியாயம். அதே அளவுகோலை வார்டில் வைத்துப் பார்க்கலாம். களைக்காமல் இருப்பது செவிலியர் கையில் இல்லை; டியூட்டி போடுபவர் கையில் இருக்கிறது. கவனக்குறைவுக்குச் செவிலியர் பதில் சொல்லட்டும், ஆனால் பொறுப்பின் பெரும்பகுதி அவரோடு நின்றுவிடாது.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அறுவை சிகிச்சைப் பயிற்சியில் ஷிப்டு நீளத்துக்கான வரம்பைத் தளர்த்திப் பார்த்த 2016-ஆம் ஆண்டு அமெரிக்கச் சோதனையில் நோயாளிகளின் இறப்போ கடும் சிக்கலோ கூடவில்லை. டாக்டர் அடிக்கடி மாறினால் தகவல் கைமாறும்போது விட்டுப்போகும் என்ற கவலையும் நியாயமானது. ஆயினும் அச்சோதனையில் வரம்பு தளர்ந்தவர்கள், தளராதவர்கள் என இரு தரப்புக்கும் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற உச்சவரம்பு இருந்தது. வரம்பே வேண்டாம் என்பதற்கு அது சான்றாகாது. நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்பதையே அது சோதித்தது.

ஆளே இல்லையே, என்ன செய்வது என்பதுதான் கடைசியில் வரும் பதில். மாற்று ஆள் வராத இரவில் நோயாளியை விட்டுப் போகாமல் நிற்கும் செவிலியரை நான் வணங்குகிறேன். அவர் நிற்பார் என்று கணக்குப் போட்டு மாதம் முழுவதற்கும் அட்டவணை எழுதும் நிர்வாகத்துக்கு அந்த வணக்கத்தில் பங்கில்லை. அட்டவணையை மாற்ற முடியும்: ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிதான் என்று வரம்பிட கலிஃபோர்னியா 1999-இல் சட்டம் இயற்றி, 2004-இல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பொது வார்டில் இப்போது ஒரு செவிலியருக்கு ஐந்து நோயாளிக்கு மேல் கூடாது. அதன்பின் அங்கே செவிலியரின் பணியிடக் காயங்களும் நோய்களும், சட்டம் இல்லாதிருந்தால் எதிர்பார்த்திருக்கக்கூடிய அளவைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக ஆய்வாளர்கள் கணித்தார்கள்.