சுருக்கலாம், விட்டுவிடலாகாது!

ரமளான் பிறை தென்பட்டதும் அலமாரியின் மேல்தட்டிலிருந்து திருக்குர்ஆன் கீழிறங்குகிறது. ரிஹால் துடைக்கப்படுகிறது. முப்பது நாட்களில் முப்பது ஜுஸ்உவையும் ஓதி முடிக்கிறோம். பெருநாள் கழிந்ததும் மீண்டும் மேல்தட்டுக்கே போய்விடுகிறது! நம் இல்லங்கள் பலவற்றில் இதுவே வழக்கமாகிவிட்டது.

ஏன் இப்படி? "பிள்ளைகுட்டிக்காரர்களுக்கு நேரமேது?" என்ற பதில் நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது. சுபுஹுக்குப் பின் பள்ளிக்கூட அவசரம், பகலெல்லாம் பிழைப்பு, மஃரிபுக்குப் பின் பிள்ளைகளின் பாடம், இஷா தொழுததும் கண் சொக்குகிறது. இது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. படுக்குமுன் கைப்பேசியில் கரையும் நேரத்தை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதைவிடக் கூரான கேள்வி ஒன்றுண்டு. பிள்ளைகளைப் பேணுவது கடமையாயிற்றே, அந்நேரத்தில் நூலோடு அமர்வது தன்னலமாகாதா? தாய்மார் பலரை உறுத்துவது இதுதான்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நீண்ட நேரம் தொழ எண்ணி நிற்பார்கள். குழந்தையின் அழுகுரல் காதில் விழுந்தால், தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது. அழுகையை அவர்கள் பொருட்படுத்தாமல் இருக்கவில்லை. தொழுகையை விட்டுவிடவும் இல்லை. கடமையான தொழுகையும் நாமாக மேற்கொள்ளும் வாசிப்பும் ஒன்றல்லதான். எனினும் இதில் நமக்கொரு வழி தெரிகிறது. குழந்தை அழைத்தால் எழுந்து செல்வோம். ஆனால் அடையாளம் வைத்துவிட்டுச் செல்வோம்.

இரவுத் தொழுகையைப் பற்றிப் பேசும் முஸ்ஸம்மில் அத்தியாயத்தின் இறுதி வசனமும், நோயாளிகளையும் பிழைப்புக்காகப் பயணம் செய்வோரையும் கருதி, இயன்றதை ஓதுமாறு சலுகை தருகிறது. நம் அலுவல்களை அல்லாஹ் அறியாதவனல்லன். சலுகை ஓதும் அளவில்தான். ஓதுவதையே நிறுத்திவிட அன்று. குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அவனுக்கு மிக உவப்பானது என்பதும் நபிமொழி.

கணக்குப் பார்ப்போமே! திருக்குர்ஆனின் வசனங்கள் 6236. நாளொன்றுக்குப் பத்து வசனங்களைத் தமிழ்ப் பொருளுடன் படித்தாலும், ஓராண்டு ஒன்பது மாதங்களுக்குள் முழுவதையும் விளங்கிப் படித்துவிடலாம். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தொகுத்த 'நாற்பது ஹதீஸ்' நூலில் இருப்பவை 42 நபிமொழிகள். வாரம் ஒன்று வீதம் படித்தால் ஓராண்டு நிறையுமுன்பே நூல் முடிந்துவிடும். தொழுத இடத்தை விட்டு எழுமுன் படித்துவிட்டால், தனியாக நேரம் தேட வேண்டியதில்லை.

கணவன்மார் இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். நாம் படிக்க, மனைவி மட்டும் அடுப்படியிலேயே நிற்பது நீதியாகுமா? அண்ணலார் வீட்டு வேலைகளில் துணைநின்றதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியிருக்கிறார்கள். பிள்ளையை நாம் ஒரு கால்மணி நேரம் தூக்கிக்கொண்டால், பிள்ளையின் தாய் பத்து வசனம் படித்துவிடுவாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிப்படிப்பு நின்ற நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அம்மையார் 1938-இல் 'காதலா? கடமையா?' என்ற நாவலை வெளியிட்டார்கள். வீட்டுக்குள் படித்த படிப்பு அது.

ஒருநாள் நம் மகனை, "போய்ப் படிடா!" என்று அதட்டினோம். "நீங்க எப்ப அத்தா படிப்பீங்க?" என்று கேட்டான். குறும்பாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நம்மிடம் பதில் இல்லை. மக்களுக்கு நன்மையை ஏவித் தம்மை மறந்துவிடுவோரைத் திருமறை கண்டிப்பது (2:44) அப்போது நினைவுக்கு வந்தது.

அன்று முதல் மஃரிபுக்குப் பின் ஒரு பக்கம் படிக்கிறோம். சில நாள் அரைப் பக்கந்தான். அவனும் பக்கத்தில் வந்து உட்காருகிறான்.

சிறிதேனும் தவறாது படிக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.