மருந்தற்ற ஊசியும் மனச்சான்றும்

நோயுற்ற குழந்தைக்கு மருந்து தருவதுபோல் காட்டி, தராமல் இருப்பது அறமாகுமா? ஆகாது என்றே நம் உள்ளம் உடனே மறுமொழி கூறும். ஆயினும் இக்கேள்வியைச் சற்றுப் பொறுமையுடன் ஆராய்வோம்.

முதுகுத்தண்டு தசைச் சிதைவு என்பது மரபுவழி வரும் நோய். தாய், தந்தை இருவரும் நலமாகவே இருப்பர். ஆனால் இருவரிடமும் அந்த மரபணுப் பழுது மறைந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வரும் வாய்ப்புண்டு. கடுமையான வகையில் குழந்தையின் அறிவு தெளிவாகவே இருக்கும். தசைகளோ தளர்ந்துகொண்டே போகும். மருந்து இல்லாத நாளில், மூச்சுக்கருவியின்றி இரண்டு வயதைக் கண்ட குழந்தைகள் மிகச் சிலரே.

இந்நோய்க்கான நுசினெர்சென் என்னும் மருந்தைச் சோதிக்க 122 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். திருவுளச் சீட்டுப் போட்டதுபோல், மூவரில் இருவருக்கு முதுகுத்தண்டு நீரில் மருந்து செலுத்தப்பட்டது. மூன்றாமவருக்கு முதுகில் சிறு குத்தும், அதன்மேல் ஒட்டுத்துணியும் மட்டுமே. யாருக்கு எது என்பதைப் பெற்றோரும் அறியார்; குழந்தையின் வளர்ச்சியை அளந்தவரும் அறியார்.

ஏன் இந்த மறைப்பு? நம்பிக்கை நம் கண்களை மயக்கும். மருந்து சென்றதென்று அறிந்த தாய், விரல் அசைவிலும் வெற்றியைக் காண்பாள், மருத்துவரும் மனிதரே. பயனற்ற மருந்தை நல்லதென ஏற்றால், பின்வரும் பிள்ளைகள் அனைவரும் வீணே துன்புறுவர். எனவே, மருந்து பயன்தருமா என்பதை எவரும் உண்மையிலேயே அறியாத நிலையில் மட்டுமே சீட்டுப் போடுவது நேர்மையாகும். அறிந்த நொடியில் நிறுத்துவது கடமையாகும்.

அவ்வாறே 2016ஆம் ஆண்டு இடையில் கணக்குப் பார்த்தபோது, மருந்து பெற்ற 51 குழந்தைகளில் 21 பேரிடம் அசைவில் முன்னேற்றம் தெரிந்தது. பெறாத 27 பேரில் ஒருவரிடமும் இல்லை. ஆய்வு முன்னதாகவே நிறுத்தப்பட்டு, எஞ்சியோருக்கும் மருந்துக்கு வழி திறக்கப்பட்டது. ஆயினும் இறுதிக் கணக்கில், மருந்து பெறாத 41 பேரில் 28 பேர் இறந்திருந்தனர், அல்லது நிலையாக மூச்சுக்கருவியைச் சார்ந்திருந்தனர். மருந்து பெற்ற 80 பேரில் அவ்வாறானோர் 31 பேர்.

இதே நோய்க்கான மரபணு மருத்துவ ஆய்வொன்றின் முடிவு 2017இல் வெளியாயிற்று. அதில் 15 குழந்தைகளுக்கும் மருந்தே தரப்பட்டது. முன்பு இந்நோயுற்ற குழந்தைகளைப் பற்றிய பதிவுகளே ஒப்பீட்டுக்கு உதவின. அப்பதிவுகளின்படி, நிலையான மூச்சுக்கருவியின்றி 20 மாதம் வாழ்ந்தோர் நூற்றுக்கு எண்மர். இவர்களோ பதினைவரும் வாழ்ந்தனர். நோயின் போக்கு இத்தனை உறுதியாகத் தெரியும்போது, மருந்தற்ற ஊசிக்குக் காரணம் குறைகிறது. டுஷேன் தசைச் சிதைவைப்போல் சிறுவருக்குச் சிறுவர் போக்கு மாறும் நோயில் பழைய பதிவு ஏமாற்றலாம். அங்கே சீட்டு இன்னும் தேவைப்படலாம்.

1952ஆம் ஆண்டு நரம்புத் திசு ஆய்வாளரிடையே உரையாற்றிய திருத்தந்தை 12ஆம் பத்திநாதர், உடலுக்கு உறுப்புப்போலத் தனிமனிதர் சமுதாயத்துக்கு உடைமையல்லர் என்று தெளிவுபடுத்தினார். பெற்றோரும் குழந்தையின் காவலரேயன்றி உரிமையாளர் அல்லர். ஆகவே, ஆய்வைத் திட்டமிடுவோர் முதலில் கேட்கவேண்டியது, "எத்தனை பேர் தேவை?" என்பதன்று, "இவர்களுள் எவரேனும் மருந்தின்றி இருந்தே ஆகவேண்டுமா?" என்பதே. வேறு வழியே இல்லையெனில், அக்குழந்தைகளின் எண்ணிக்கையும் காத்திருப்பும் இயன்றவரை குறையட்டும்.

இன்று மருந்து பெற்று எழுந்து உட்காரும் ஒவ்வொரு குழந்தையும் அந்த 41 பேருக்குக் கடன்பட்டுள்ளது. அவர்களை வெறும் எண்ணாக நாம் மறவாதிருப்போம்.