பகைவரின் பிதிர்கள்

தெய்வபக்தியும் சாஸ்திர ஞானமும் ஒருங்கே வாய்த்தவன் தர்மவானாகவும் இருந்தே தீருவான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணத்தைச் சோதித்தறிய, கி.மு. ஏழாம் நூற்றாண்டில் டைகிரிஸ் நதிக்கரையிலுள்ள நினிவேயில் வீற்றிருந்து அசீரிய சாம்ராஜ்யத்தை ஆண்ட அசுர்பானிபாலின் சரித்திரம் பெரிதும் உதவும்.

ஆப்பெழுத்துக் கலையைத் தானே பயின்று, பாபிலோனியக் கோயில்களிலும் பண்டிதர் இல்லங்களிலும் இருந்த களிமண் ஏடுகளைத் தேடித் தருவித்து, அவன் அமைத்த நூல்நிலையத்தின் ஏடுகளும் சிதைவுகளுமாக ஏறக்குறைய 30,000 இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன; கில்காமேஷ் காவியம் உலகுக்கு மீண்டும் கிடைத்ததும் பெரும்பாலும் அவற்றாலேயே.

அத்தகைய மன்னன், கி.மு. 647-ஐ ஒட்டி ஏலாம் நாட்டுச் சூசா நகரைச் சூறையாடினான். அங்கே சிறைப்பட்டிருந்த உருக் நகரத்துத் தேவியின் விக்கிரகத்தை மீட்டு அவளுடைய ஆலயத்தில் சேர்ப்பித்த அதே படையெடுப்பில், ஏலாமியரின் விக்கிரகங்களைக் கவர்ந்து, அவர்களுடைய அரசர்களின் கல்லறைகளைத் தகர்த்து, எலும்புகளை அசீரியாவுக்கு எடுத்துச் சென்று, அந்த ஆவிகள் உணவும் நீர்க்கடனும் இன்றி அமைதியிழந்து அலையும்படி செய்ததாகத் தன் சாசனத்தில் பெருமிதத்தோடு பொறித்தும் வைத்தான்.

நீர்க்கடன் செய்வாரற்ற ஆவி, கலத்தில் ஒட்டிய மிச்சத்தையும் தெருவில் எறிந்த துணுக்கையும் உண்டு உழல்கிறது என்று கில்காமேஷின் பன்னிரண்டாம் ஏடு கூறுகிறது. அவ்வேடு அசுர்பானிபாலின் நூல்நிலையத்திலேயே இருந்தது. ஆகவே, தான் விதித்த தண்டனையின் கொடுமையை அறியாமல் விதித்தான் என்று சொல்ல இடமில்லை.

பிறிதொரு சாசனத்தில் அவன் புலம்புகிறான்: தன் முன்னோருக்கு நின்றுபோயிருந்த நீர்க்கடனை மீண்டும் நிலைநாட்டி, தேவர்க்கும் மாந்தர்க்கும், இறந்தோர்க்கும் வாழ்வோர்க்கும் நன்மையே செய்த தனக்கு நோயும் மனத்துயரும் இல்லத்துப் பூசலும் நேர்ந்தது ஏன் என்று வினவுகிறான். நல்லோர் துன்புறுவது ஏன் என்ற அவ்வினா எல்லாச் சமயங்களுக்கும் பொதுவானது. அதற்கு முடிவான விடை கூற நான் துணியேன். ஆயினும், அவ்வினாவை எழுப்பியவன் தான் நன்மை செய்த இறந்தோரின் கணக்கில் சூசாவின் இறந்தோரைச் சேர்க்கவேயில்லை என்பது திண்ணம்.

ஏடுகளைக் காத்தளித்தமைக்காக மனித குலம் அவனுக்கு நன்றி பாராட்டக் கடமைப்பட்டிருக்கிறது. எனினும், தன் தந்தைக்கு நீர் வார்க்கும் கை பகைவனின் தந்தைக்கு உரிய நீரைத் தட்டிப் பறிக்குமாயின், அந்தப் பக்தி குலாபிமானத்தின் எல்லையைக் கடக்கவில்லை. கடந்தாலன்றி அது தர்மம் ஆகாது.