பசி ஆறணும்



போன மாசம் வகுப்பு முடிஞ்சு எல்லாரும் நாற்காலியை அடுக்கிட்டு இருந்தப்ப ஒரு தம்பி கேட்டான். "அண்ணே, இறைவன் கொடுத்த வயித்தை வெட்டி எடுத்து உடம்பைக் குறைக்கிறது சரியா? விரதம் இருந்து, மனசைக் கட்டி செய்ய வேண்டியதைக் கத்தியால செஞ்சுக்கிறது குறுக்குவழி இல்லையா?" கிண்டலா கேட்கல. அவன் வீட்டில ஒருத்தருக்கு அந்த அறுவை சிகிச்சைக்கு நாள் குறிச்சிருக்காங்க. அதனால நாலு வார்த்தையில பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரல.

நான் டாக்டர் இல்ல. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். ஆனா பூன் லேயில எங்க வீட்டிலேயே இருக்கிற என் பெரியப்பா மகன், அதாவது என் அண்ணன், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்தச் சிகிச்சை செஞ்சுக்கிட்டார். அவர் சம்மதத்தோடதான் எழுதுறேன். பேர் மட்டும் போடாதேன்னு சொல்லிட்டார்.

முதல்ல குண்டோதரன் கதை. மதுரையில தடாதகைப் பிராட்டிக்கும் சொக்கநாதருக்கும் திருமணம். வந்தவங்க எல்லாரும் சாப்பிட்டும் மலை மலையா சோறு மிச்சம். அந்தப் பெருமையோட அம்மை வந்து நிற்க, ஐயன் தன் பூதகணத்துல ஒருத்தனான குண்டோதரனைக் கூப்பிட்டு, அவன் வயித்துல வடவைத் தீயையே பசியா இருக்கச் செய்றார். அவன் உட்கார்ந்தான். சமைச்சது போச்சு, சமைக்காததும் போச்சு. பசி அடங்கல. கடைசியில இறைவனே அன்னக்குழிகளை வரவழைச்சு, தயிர்ச்சோறு கொடுத்துத்தான் அவன் பசியை ஆத்தினார். அடுத்து தாகம், அதுக்கு வைகை வந்தது. பரஞ்சோதி முனிவர் திருவிளையாடல் புராணத்துல இதை ரெண்டு படலமா பாடியிருக்கார்.

இந்தக் கதையை நாம குழந்தைகளுக்குச் சிரிப்புக்காகச் சொல்றோம். ஆனா ஒண்ணைக் கவனிங்க. அந்தத் தீயை அவன் தேடி வாங்கல, அது அவனுக்குள்ள வைக்கப்பட்டது. ஐயன் அவனை ஒரு வார்த்தை திட்டல. அந்த விருந்துல தலைகுனிஞ்சது சாப்பிட்டவன் இல்ல, எங்ககிட்ட எவ்வளவு இருக்கு பார்னு நினைச்ச வீட்டார்தான்.

அண்ணன் தொடக்கப்பள்ளியில படிச்ச காலத்துல 'டிரிம் அண்ட் ஃபிட்'னு ஒரு திட்டம் இருந்தது. சிங்கப்பூர்ப் பள்ளிகள்ல 1992 முதல் 2007 வரை நடந்தது. எடை கூடின பிள்ளைங்களுக்குத் தனியா கூடுதல் உடற்பயிற்சி. சுருக்கமா 'டி.ஏ.எஃப்'. அந்த எழுத்துகளைத் திருப்பிப் போட்டா 'ஃபேட்'னு வருதுன்னு கண்டுபிடிக்க எட்டு வயசுப் பிள்ளைக்கு ரொம்ப நேரம் ஆகாது. பிறகு தேசிய சேவையில, எடை கூடினவங்களுக்கான நீண்ட அடிப்படைப் பயிற்சி. அதுல 20 கிலோ குறைச்சார். வெளியே வந்து ரெண்டே வருஷத்துல 25 கிலோ திரும்பி வந்தது. பேலியோ, சூப், ஜிம், 48 நாள் விரதம், எல்லாம் பார்த்தாச்சு. 29 வயசுல இனிப்புநீர். அப்போ 131 கிலோ.

மன உறுதி இல்லாதவர்னு அவரைச் சொல்லணும்னா, ஆறு தடவை உடம்பைக் குறைச்சு ஆறு தடவையும் திரும்பத் தொடங்கின வேற ஒருத்தரை எனக்குக் காட்டுங்க.

இதுக்கு உடம்புக்குள்ள காரணம் இருக்கு. இரைப்பையின் மேல்பகுதியில அதிகமா சுரக்கிற 'கிரெலின்'ங்கிற ஹார்மோனை 1999-ல ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சாங்க. 'பசிக்குது, சாப்பிடு'ன்னு மூளைக்குச் சொல்றது அதுதான். டயட் இருந்து எடை குறைஞ்சா இது குறையாது, ஏறும். உடம்பு செலவழிக்கிற சக்தியும் இறங்கும். எங்க பாடத்துல வர்ற தெர்மோஸ்டாட் மாதிரி: 25 டிகிரின்னு வெச்சா, நீங்க ஜன்னலைத் திறந்தாலும் அது அறையை 25-க்கே இழுக்கும். குண்டோதரன் வயித்துத் தீன்னு நம்ம முன்னோர் சொன்னதுக்குப் பக்கத்துலதான் இது இருக்குன்னு எனக்குத் தோணுது. (ஹார்மோனைப் புராணத்துலயே சொல்லிட்டாங்கன்னு நான் சொல்ல வரல. அந்த மாதிரி வாட்ஸ்அப் செய்தி அனுப்புறவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க.)

அண்ணனுக்குச் செஞ்சது 'ஸ்லீவ்' முறை. இரைப்பையில முக்கால் பங்குக்கு மேல எடுத்துடுவாங்க. மிச்சம் ஒரு வாழைப்பழம் மாதிரி குழாய்தான். எடுக்கிற பகுதியிலதான் கிரெலின் அதிகம் சுரக்குது, அதனால கொள்ளளவோட சேர்ந்து பசியின் குரலும் குறையுது. கேட்டவங்களுக்கெல்லாம் செய்ய மாட்டாங்க. நம்ம ஊர்ல பொதுவா உடல் எடைக் குறியீடு 37.5-க்கு மேல இருக்கணும், இல்லன்னா 32.5-க்கு மேல இருந்து கூடவே இனிப்புநீர் மாதிரி நோய் இருக்கணும். அண்ணனுக்கு 44. மருத்துவக் காரணத்துக்காகச் செய்றதால மெடிசேவ் பணத்தையும் எடுக்க முடிஞ்சது.

இந்தியாவுல அமைச்சர்களே செஞ்சிருக்காங்க. நிதின் கட்கரி 2011-ல, அருண் ஜெட்லி 2014-ல. ஆனா இது பல் பிடுங்குற மாதிரி இல்ல. 2024 ஏப்ரல்ல, உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்காகச் சென்னைக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருத்தர் இறந்துட்டார். 26 வயசு. நம்மில் பலரை விட ரெண்டு மூணு வயசுதான் பெரியவர். அதனால, நாள் குறிச்சிருக்கிற அந்த வீட்டுக்காரங்க அனுபவமுள்ள குழுவா, பின்கவனிப்பு எப்படின்னு எல்லாக் கேள்வியும் கேட்கணும். கேட்கிறது நம்பிக்கைக் குறைவு இல்ல.

பின்னாடி என்ன ஆச்சு? முதல் ரெண்டு வாரம் திரவம் மட்டும். அப்புறம் கூழ். சோத்துக்கு நடுவுல தண்ணி குடிக்கக் கூடாது. ஒரு நாளைக்குக் குறைஞ்சது 60 கிராம் புரதம். வைட்டமின் மாத்திரை வாழ்நாள் பூரா. மூணாம் மாசம் முடி கொத்துக்கொத்தா கொட்டுச்சு, பிறகு வளர்ந்துடுச்சு. ஒரு வருஷத்துல 89 கிலோ. இனிப்புநீர் மாத்திரையை டாக்டர் நிறுத்திட்டார். பூன் லே எம்ஆர்டி படியில எனக்கு முன்னாடி ஏறிப் போயிட்டு, திரும்பி நின்னு சிரிச்சார். நல்லாத்தான் இருந்தது.

ஆனா குறுக்குவழின்னு சொல்றவங்க பார்க்காத ஒண்ணு இருக்கு. அவருக்கு மனசு சரியில்லன்னா முன்னாடி ராத்திரி பூன் லே பிளேஸ்ல நாசி லெமாக் வரிசையில போய் நிப்பார். வேலையில திட்டு, பொண்ணு வீட்ல வேண்டாம்னு சொன்னது, எல்லாம் அந்தத் தட்டுல கரையும். இப்போ நாலு வாய்க்கு மேல போனா வலி, வாந்தி. துக்கம் அப்படியே இருக்கு, கரைக்க இடம் இல்ல. ஆறாம் மாசம் ஒரு ராத்திரி சமையல்கட்டுல விளக்கைப் போடாம உட்கார்ந்திருந்தார். "வயிறு நிறைஞ்சிடுச்சுடா, பசி போகல"ன்னார். அப்புறம்தான் மனநல ஆலோசகரைப் பார்க்க ஆரம்பிச்சார். ஜூரோங் ஈஸ்ட் முருகன் கோயிலுக்கு வாரம் ஒருமுறை என்னோட வர ஆரம்பிச்சதும் அப்போதான். ரெண்டும் வேணும். ஒண்ணு இன்னொண்ணுக்குப் பதில் ஆகாது.

நம்ம ஊர்ல 'சாப்பிட்டாச்சா'ன்னு கேட்காம 'பசியாறிட்டீங்களா'ன்னு கேட்கிறோம். வயிறு நிறையறது வேற, பசி ஆறுறது வேற. கத்தி முதல் விஷயத்துக்கு உதவும். ரெண்டாவதுக்குத்தான் பக்தியும், நல்ல துணையும், பேச ஒரு ஆளும்.

திருமூலர் திருமந்திரத்துல தன் முன்னும் பின்னும் சொல்றார். முன்னாடி உடம்பை இழிவா நினைச்சாராம். உள்ளே இறைவன் குடியிருக்கிறதைக் கண்ட பிறகு அதைப் பேண ஆரம்பிச்சாராம். வரிசையைப் பாருங்க. உடம்பை வெறுத்து அவர் அதைப் பேணல. அண்ணன் உடம்பை வெறுத்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். 42 கிலோ போச்சு, வெறுப்பு போகல. சட்டை வாங்கப் போனா இன்னமும் பழைய அளவைத்தான் எடுப்பார். தொங்குற தோலைப் பார்த்து முகம் சுளிப்பார். தம்பி வீட்டு ஆளுக்கும் இது வரலாம். அப்போ 'எவ்வளவு அழகாயிட்டீங்க'ன்னு பாராட்டினா, முன்னாடி அழகா இல்லன்னு சொன்ன மாதிரிதான் அவங்க காதுல விழும்.

இனி விரதம். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க அண்ணனுக்கு ஆசை. செராங்கூன் ரோடு ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை நடக்க இப்போ அவரால முடியும். ஆனா நாள் பூரா பட்டினி முடியாது. உறவுல சிலர், "ஒருவேளை சாப்பாடுகூட விட முடியலன்னா அது என்ன விரதம்"னாங்க. பகவத் கீதை ஆறாம் அத்தியாயத்துல கண்ணன், மிஞ்சி உண்பவனுக்கும் யோகம் இல்ல, உண்ணாமலே இருப்பவனுக்கும் இல்லன்னு ரெண்டு பேரையும் சேர்த்தே சொல்றான். உபவாசம்ங்கிற சொல்லுக்கே 'அருகில் இருத்தல்'னுதான் பொருள். அவர் சைவமா, டாக்டர் சொன்ன அளவுல, தயிரும் தவ்க்வாவும் பருப்பும் ஆறு சிறு வேளையா சாப்பிட்டு, ராத்திரி போனைத் தொடாம விரதம் இருந்தார். சைவம் மட்டும் சாப்பிடுறப்போ பி12 குறையும்னு ஊசி போட்டுக்கிட்டு வந்தார். பால்குடம் சிந்தாம போய்ச் சேர்ந்தது.

ஆகவே தம்பி, உன் கேள்விக்கு: கண்ணுல புரை வந்தா எடுக்கிறோம், இதயத்துல அடைப்பு வந்தா வெட்டி ஒட்டுறோம். அதையெல்லாம் யாரும் குறுக்குவழின்னு சொல்றதில்ல. வயித்துக்கு மட்டும் ஏன் கேட்கிறோம்னா, பருமனை நோயா பார்க்காம பாவமா பார்க்கிறோம். தொந்தி பெருத்த பிள்ளையாருக்கு முதல் பூசை செஞ்சுட்டு, பந்தியில உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

நம்ம இளைஞர்கள் அன்னதானத்துல பரிமாறுறப்போ நடக்கிறது எனக்குத் தெரியும். பருமனா ஒருத்தர் வந்தா, "இன்னும் போடவா அண்ணே, உங்களுக்கு இது பத்துமா"ன்னு ஒரு சிரிப்பு. மெலிஞ்சு வந்தா, "என்ன இவ்வளவுதானா, பிரசாதத்தை வேண்டாம்னு சொல்லக்கூடாது"ன்னு ஒரு கரண்டி கூட. அண்ணன் ரெண்டையும் ஒரே பந்தியில, ரெண்டு வருஷ இடைவெளியில, கேட்டிருக்கார். அவர் இலையில மிச்சம் வெச்சது அலட்சியத்தால இல்ல, உள்ளே இடம் இல்லாததால.

இந்தத் தடவை பரிமாறுறவங்களுக்காக அண்ணன் பெரிய கரண்டிகளுக்குப் பக்கத்துல ரெண்டு சின்னக் கரண்டி வாங்கி வெச்சிருக்கார். எவ்வளவு வேணும்னு முதல்ல கேட்டுட்டு, அப்புறம் எந்தக் கரண்டின்னு எடுங்க. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் காய் நறுக்க வர்றவங்க எனக்கு ஒரு செய்தி போடுங்க. பூன் லே பேருந்து நிலையத்துல சந்திச்சு ஒண்ணா போகலாம். அண்ணனும் வர்றார், வெங்காயம் அவர் பொறுப்பு.