தோள் மாற்றுவது பாவமா?

ஞாயிறு திருப்பலி முடிந்து, மக்கள் ஆலய முற்றத்தில் நின்று ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டிருந்த வேளை. ஐம்பதைக் கடந்த ஓர் அம்மையார் மட்டும் எங்கும் நில்லாமல் விரைந்து சென்றுகொண்டிருந்தார். "மாமியார் எப்படி இருக்காங்க?" என்று இருவர் கேட்டனர். "இருக்காங்க" என்ற ஒற்றைச் சொல்லே விடையாயிற்று. "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று அவரை எவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

சில வாரங்கள் கழித்து அவரே நம்மிடம் மனம் திறந்தார். மாமியாருக்கு மறதி நோய் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. என்றோ இறந்துபோன தம் தாயைத் தேடி இரவில் எழுந்து கதவைத் தட்டுகிறார். கேட்ட கேள்வியையே நாளெல்லாம் கேட்கிறார். சோறூட்டும் மருமகளையே, "நீ யாரு? என் நகையை எங்க வச்ச?" என்று அதட்டுகிறார். "போன மாசம் ஒரு நாள் கை ஓங்கிட்டேன். அடிக்கல, ஆனா ஓங்கிட்டேன். அவங்களை ஒரு பத்து நாள் எங்கயாவது விட்டுட்டு நான் தூங்கி எழுந்தா, அது பாவமா?" என்று கேட்டார் அவர். அவ்வினாவை நாம் எளிதில் கடந்துவிட முடியவில்லை.

முதலில் இந்நோயின் இயல்பை அறிந்துகொள்வோம். டிமென்ஷியா என்று மருத்துவர்கள் வழங்கும் இந்நிலை, முதுமையில் எவருக்கும் வரும் சாதாரண மறதி அன்று. மூளையைத் தாக்கும் நோய்களால் நினைவும் மொழியும் முடிவெடுக்கும் ஆற்றலும் படிப்படியாகக் குலைந்துபோகும் நிலை அது. அல்சைமர் நோய் அவற்றுள் மிகப் பரவலானது. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நிலையில் வாழ்வதாக 2023இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. நகரங்களைவிடச் சிற்றூர்களிலேயே இது மிகுதி என்றும் அது கூறிற்று. இவர்களுள் பெரும்பாலோரைப் பேணுவது குடும்பமே. குடும்பம் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், உண்மையில் அது பெரும்பாலும் ஒரு மனைவி, ஒரு மகள் அல்லது ஒரு மருமகள். உலக அளவில் இத்தகைய பராமரிப்பு நேரத்தில் 70 விழுக்காட்டைத் தருபவர்கள் பெண்களே என்கிறது உலக நல நிறுவனம். 1981இல் அமெரிக்காவில் வெளிவந்த பராமரிப்புக் கையேடு ஒன்றிற்கு, "36 மணி நேர நாள்" என்றே பெயரிட்டனர். இருபத்து நான்கு மணி நேரம் அவர்களுக்குப் போதுவதில்லை.

இவர்களுக்கு நம் சமூகம் வைத்திருக்கும் விடை ஒன்றுதான்: "பொறுத்துக்கோம்மா, புண்ணியம் உண்டு." பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று 2007ஆம் ஆண்டுச் சட்டமும் வலியுறுத்துகிறது. கடமையை நினைவூட்டுவதில் தவறில்லை. ஆனால் அக்கடமையைச் செய்து களைத்தவருக்கு ஓய்வு தருவது பற்றிச் சட்டமும் பேசவில்லை, நாமும் பேசுவதில்லை. "இது உனக்குக் கடவுள் தந்த சிலுவை" என்று சொல்லும்போது, பல நேரங்களில் நாம் அச்சிலுவையிலிருந்து சற்று எட்டியே நின்றுகொள்கிறோம்.

மறுபுறம் ஓர் அச்சமும் உண்டு; அது நியாயமானதே. ஓய்வு என்றும் விடுதி என்றும் வழிகளைத் திறந்துவிட்டால், முதியோரைக் கைகழுவும் பழக்கம் வளராதா? இங்கே ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாகக் காண வேண்டும். கைவிடுவது வேறு, தோள் மாற்றுவது வேறு. திருவிழாவில் சப்பரம் தூக்குவோர் தெருமுனையில் தோள் மாற்றுகிறார்கள். புனிதர்மீது அவர்களுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று எவரும் சொல்வதில்லை. தோள் மாற்றாவிட்டால் சப்பரமே சரிந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

நல்ல சமாரியர் உவமையில் நாம் மறந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்ததை நினைவில் வைத்திருக்கிறோம். மறுநாள் அவர் புறப்பட்டுப் போனதை மறந்துவிடுகிறோம். சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியத்தைக் கொடுத்து, காயமுற்றவரை ஒப்படைத்து, திரும்பி வருவதாகச் சொல்லிச் செல்கிறார் அவர். இயேசு அதைக் குறையாகக் கூறவில்லை. திரும்பி வருவேன் என்ற சொல்லே, ஒப்படைப்பதையும் கைவிடுவதையும் பிரிக்கும் கோடு. நம் ஊர்களில் அச்சமாரியரைப் போன்ற பெண்கள் தெருதோறும் இருக்கிறார்கள். சாவடிகள்தாம் மிகச் சில.

பேணுவோருக்கு உதவினால் அவர்கள் நோயாளியை விட்டு விலகிவிடுவார்களா? அனுபவம் இதற்கு நேர்மாறாகவே பேசுகிறது. நியூயார்க்கில் 406 நோயாளிகளின் கணவன் அல்லது மனைவியரிடம் நடத்திய நீண்ட ஆய்வின் முடிவு 2006இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் ஆலோசனையும், வேண்டும்போது தொலைபேசி வழி உதவியும் அளித்தனர். அப்பிரிவினர் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் கூடுதலாகத் தம் துணையை வீட்டிலேயே வைத்துப் பேணினர். நம் நாட்டில் கோவாவில் 81 குடும்பங்களிடம் நடந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. மருத்துவப் பட்டம் ஏதுமில்லாத, ஆனால் முறையாகப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு தேடிச் சென்று வழிகாட்டினர். பராமரிப்போரின் மனநலம் மேம்பட்டது. பெரும் பொருட்செலவின்றியே இது இயலும் என்பதற்கு அது சான்று.

கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். மாத்திரை நேரத்தில் ஒலி எழுப்பும் பெட்டி, இரவில் கதவு திறந்தால் மணியடிக்கும் சிறு கருவி, வழி தவறியவரின் இருப்பிடத்தைக் கைபேசியில் காட்டும் கைக்கடிகாரம் எனப் பல இன்று கிடைக்கின்றன. கதவு மணி ஒன்று இருந்தாலே அவ்வம்மையார் இரவெல்லாம் பாதி விழித்தபடி கிடக்க வேண்டியதில்லை. ஆயினும் எல்லாக் கருவியும் அன்பின் கருவியாகிவிடாது. வெளிநாட்டில் வாழும் மகன் வீட்டில் கேமராவைப் பொருத்திவிட்டு, "அம்மாவுக்கு இன்னும் ஏன் சாப்பாடு குடுக்கல?" என்று அங்கிருந்தே தங்கையை விரட்டினால், அக்கருவி அவளது சுமையைக் கூட்டுகிறது. அதே மகன் அதே கைபேசியில் மாலைதோறும் அரை மணி நேரம் தாயின் முகம் பார்த்துப் பேசினால், அந்த அரை மணி நேரம் தங்கை சற்று அமர முடியும். சுமப்பவருக்கு ஓய்வு தருகிறதா, நோயாளியின் மதிப்பைக் காக்கிறதா என்ற இரண்டு கேள்விகளால் எந்தக் கருவியையும் அளந்து பார்க்கலாம். நோயின் தொடக்கத்தில், அவருக்குப் புரியும் காலத்திலேயே, அவரது விருப்பத்தையும் கேட்டறிவது அறம்.

அரசின் பங்கும் உண்டு. முதியோருக்கான 14567, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகிய தொலைபேசி எண்கள் உள்ளன. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வீடு தேடி வருகிறது. அப்படி வரும் பணியாளர், "பார்த்துக்கிற நீங்க தூங்குறீங்களா?" என்று கேட்கவும் பயிற்சி பெற்றால் எவ்வளவு நலம்! ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பகல் பராமரிப்பு மையம் வேண்டும் என்று நாம் கோர வேண்டும்.

ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் பங்குகளில் அன்பியங்கள் உள்ளன. வின்சென்ட் தே பவுல் சபையும் மரியாயின் சேனையும் உள்ளன. இல்லம் சந்திப்பது அவர்களுக்குப் புதிதன்று. நோயாளியைப் பார்த்து, செபித்துத் திரும்புவதோடு நில்லாமல், வாரத்தில் ஒரு பிற்பகல் அவரருகே அமர்ந்து, பேணுபவரை வெளியே அனுப்பிவைத்தால் அதுவே ஒரு சாவடி.

அவ்வம்மையாருக்கு, "பாவமில்லை அம்மா, கேட்காமல் இருந்த நாங்கள்தான் குற்றவாளிகள்" என்றோம். இப்போது வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் நம் அன்பியப் பெண்கள் இருவர் முறைவைத்து அவ்வீட்டுக்குச் செல்கின்றனர். செபமாலை சொல்லும்போது, மருமகளின் பெயரை மறந்துவிட்ட அந்த மூதாட்டி, "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கியதும் மீதியைப் பிசகின்றிச் சொல்லிவிடுகிறாராம். பக்கத்து அறையில் மருமகள் உறங்கிக்கொண்டிருப்பார். அவரை எழுப்பாதிருக்கச் செபத்தைத் தாழ்ந்த குரலில் சொல்கிறார்கள்.